தைப் பனியும் எபாக்சி தரையும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், கான்கிரீட் மேல் அடித்துப் பளபளவென்று இறுக வைக்கும் எபாக்சி பூச்சுத் தரைக்குச் சதுர அடிக்கு என்ன செலவாகும் என்று ஒருவர் கேட்டதற்குப் பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து. செலவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளை பூக்கிறது, கொப்புளம் கிளம்புகிறது, பிசுபிசுக்கிறது, உரிகிறது என்றே எழுதியிருக்கிறீர்கள். நானும் இந்தக் கரையில்தான் தரை வேலை எடுத்துச் செய்கிறேன். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை இதை மட்டும் பேசிவிடுவோம்.

கேள்வி: அண்ணே, மண்டபம் பக்கம் நண்டு, இறால் தரம் பிரித்துப் பெட்டி போடும் சின்ன ஷெட் வைத்திருக்கிறோம். கார்த்திகையில் தரைக்கு எபாக்சி அடித்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை முடிந்தபோது பளபளவென்று இருந்தது. காலையில் ஷட்டரைத் திறந்தால் ஷட்டர் பக்கம் முழுக்க வெள்ளை பூத்துக் கிடக்கிறது. தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு. தின்னர் போட்டுத் துடைத்துவிட்டு இன்னொரு கோட் அடித்துத் தருகிறேன் என்கிறார் காண்ட்ராக்டர். அடிக்க விடலாமா?
— மண்டபம் வாசகர்

பதில்: விடாதீர்கள். தின்னர் டப்பாவை முதலில் வெளியே வைக்கச் சொல்லுங்கள்.

எபாக்சி என்பது ரெசின் (பிசின்) ஒரு டப்பா, ஹார்ட்னர் (அதை இறுக வைப்பது) ஒரு டப்பா. ஹார்ட்னரில் இருப்பது அமீன் என்ற வேதிப்பொருள். அது ரெசினோடு சேர்ந்து இறுக வேண்டும். இறுகி முடிப்பதற்குள் மேலே ஈரம் படிந்தால், அமீன் அந்த ஈரத்தோடும் காற்றில் இருக்கும் கரியமில வாயுவோடும் கூட்டுச் சேர்ந்து, கார்பமேட் என்ற ஒன்றாக மேலே பூத்துவிடும். தொழிலில் இதை அமீன் பிளஷ் என்பார்கள். விரலால் இழுத்தால் கோடு விழும், விரலில் மெழுகு போல ஒட்டும். இதன் மேல் அடிக்கிற எந்தக் கோட்டும் தரையில் பிடிக்காது. பிசுக்கின் மேல்தான் உட்காரும். ஆறு மாதத்தில் தட்டுத் தட்டாகக் கழன்று வரும்.

இது தண்ணீரில் கரையும். தின்னர் அதை எடுக்காது, தரை முழுக்க இழுத்துப் பரப்பிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைசல் விட்டு, நைலான் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கழுவிய தண்ணீர் தரையிலேயே காய விடக் கூடாது. உறிஞ்சி எடுத்துவிட்டு நல்ல தண்ணீரில் இன்னொரு முறை அலச வேண்டும். காய்ந்த பிறகு நகத்தை வைத்து அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் பூத்தது மேலே மட்டும்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசி எடுத்து, அடுத்த கோட் அடிக்கலாம். நகம் உள்ளே இறங்கினால் கலவையிலேயே கோளாறு. அதைச் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

ஏன் பூத்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர் வெளியே வேர்க்கிறதே, உங்கள் தரையும் ராத்திரி அப்படித்தான் வேர்த்திருக்கிறது. காற்று எந்த அளவுக்குக் குளிர்ந்தால் ஈரத்தைக் கக்க ஆரம்பிக்குமோ, அதுதான் டியூ பாயிண்ட். பள்ளிப் புத்தகத்தில் பனிநிலை என்று படித்திருப்பீர்கள். தரையின் சூடு அதைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும், அடிக்கும்போது மட்டுமல்ல, இறுகும் வரைக்கும். எபாக்சி கம்பெனிகள் எல்லாம் தங்கள் டேட்டா ஷீட்டில் போடும் விதி இது. நம் ஊர்க் காண்ட்ராக்டர்கள் அந்தத் தாளைப் பிரித்துப் பார்ப்பது அபூர்வம்.

கணக்குப் போடக் கம்ப்யூட்டர் வேண்டாம். ஈரப்பதம் நூறுக்கு எத்தனை குறைவோ அதை 5-ஆல் வகுங்கள். வருவதைக் காற்றின் சூட்டிலிருந்து கழியுங்கள். காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 85 என்றால், 15-ஐ 5-ஆல் வகுத்து 3. டியூ பாயிண்ட் 25. தரை 28 டிகிரியாவது இருக்க வேண்டும். கார்த்திகை ராத்திரியில் உங்கள் ஷெட் தரை 26-க்கு இறங்கியிருந்தால் விதி உடைந்துபோய்விட்டது. ஈரப்பதம் 50-க்கு மேல் இருக்கிற வரைக்கும் இந்தக் கணக்கு ஏறக்குறையச் சரியாக வரும், நம் கரையில் அதற்குக் கீழே போவது அபூர்வம்.

ஷட்டர் பக்கம் மட்டும் ஏன் என்று யோசித்திருப்பீர்கள். ஷெட் வடகடல் பார்த்தா, தென்கடல் பார்த்தா என்று நீங்கள் எழுதவில்லை. வடகடல் பார்த்து என்றே நினைக்கிறேன். கார்த்திகையில் வாடைக்காற்று பாக் நீரிணை மேல் வந்து நேராக ஷட்டர் இடுக்கு வழியாகத் தரையில் தவழும். உள் மூலைகளுக்கு அந்தக் காற்று போய்ச் சேராததால் அங்கே பளபளப்பு அப்படியே இருக்கும். அடுத்த முறை ஷட்டரின் அடி இடுக்கைப் பாலித்தீன் தாளால் அடைத்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மீன், இறால் புழங்கும் ஷெட்டில் தினமும் வெந்நீர் ஊற்றிக் கழுவுவீர்கள் என்றால் மெல்லிய எபாக்சி தாங்காது. சூடும் குளிரும் மாறி மாறி அடித்தால் இளகும், வெடிக்கும். அங்கே பி.யு. கான்கிரீட் என்று சொல்கிற பாலியுரேத்தேன் சிமென்ட் தரைதான் சரி. விலை கூடுதல்தான். ஐஸும் பச்சைத் தண்ணீரும் மட்டும் என்றால் எபாக்சி போதும்.

கேள்வி: காக்கா (அண்ணன்), வீட்டு ஹாலுக்கும் முன்னாடி கார் போர்ட்டிகோவுக்கும் எபாக்சி போடலாம் என்று இருக்கிறோம். துபாயிலிருந்து மகன் வருவதற்குள் முடிக்க வேண்டும். எந்த மாதம் நல்லது?
— கீழக்கரை வாசகி

பதில்: மகன் எப்போது வருகிறார் என்று எழுதவில்லையே அம்மா. பங்குனிக்குள் வருகிறார் என்றால் ஹாலை மட்டும் தை, மாசியில் முடித்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முற்பாதி வேண்டாம். நம் மாவட்டத்துக்கு வருஷத்து மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. மழை பெய்யாத நாளிலும் காற்று ஈரத்துணியாகத்தான் இருக்கும்.

தை, மாசியில் வானம் வெளுத்துவிடுவதால் எல்லோரும் அப்போது ஆரம்பிக்கிறார்கள். பகலுக்கு அது சரி. ஆனால் ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்று நம்மவர்கள் சும்மா சொல்லவில்லை. மேகமில்லாத ராத்திரியில் திறந்தவெளித் தரை காற்றைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். போர்ட்டிகோவில் விடியற்காலை நாலு மணிக்குக் கார் பானெட்டைத் தடவிப் பாருங்கள், கை நனையும். அதே பனி போர்ட்டிகோ தரையிலும் இறங்குகிறது. சுவரும் கூரையும் உள்ள ஹாலுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஜன்னலைச் சாத்திவிட்டால் போதும். ஆகவே ஹாலுக்குத் தை, மாசி. போர்ட்டிகோவுக்குப் பங்குனி. அப்போது தரை பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்க வைத்திருக்கும், பனியும் நின்றுபோயிருக்கும்.

சித்திரை, வைகாசியில் செய்யலாம், ஆனால் கலக்கிய சரக்கு இறுகாமல் கையில் இருக்கும் நேரம் குறைவு. ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலையும் உப்பையும் கொண்டுவந்து ஈரப் பூச்சில் தூவும். ஹாலை அடைத்து வைத்துச் செய்யலாம், போர்ட்டிகோவைத் தொடாதீர்கள். பத்து டிகிரிக்குக் கீழே அடிக்காதீர்கள் என்றும் டப்பாவில் அச்சடித்திருப்பார்கள். கீழக்கரையில் அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

இன்னொன்று. போர்ட்டிகோ கான்கிரீட் புதிதாகப் போட்டதா? அப்படியென்றால் குறைந்தது 28 நாள் ஆகியிருக்க வேண்டும். அந்த 28-ல் அடைமழை நாட்கள் இருந்தால் அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: எங்கள் விடுதிச் சாப்பாட்டு ஹாலில் செல்ஃப் லெவலிங் (ஊற்றினால் தானே சமமாகப் பரவும்) எபாக்சி போட்டோம். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தார்கள். மதியத்துக்குள் தரை முழுக்கச் சின்னச் சின்னக் குமிழி. சில குமிழிகள் உடைந்து ஊசி குத்திய மாதிரி ஓட்டை. ‘கம்பெனி சரக்கு சரியில்லை’ என்கிறார் வேலை செய்தவர். வேறு கம்பெனி மாற்றலாமா?
— ராமேஸ்வரம் வாசகர்

பதில்: எந்தக் கம்பெனிச் சரக்கைக் கொண்டுவந்தாலும் எட்டு மணிக்கு அடித்தால் குமிழி வரத்தான் செய்யும்.

கான்கிரீட் பார்க்கக் கெட்டி, உள்ளே முழுக்க நுண்துளை. துளைக்குள் காற்று இருக்கிறது. காலையில் குளிர்ந்த தரை மேல் பூச்சு போட்டீர்கள். கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் விழுந்து தரை சூடேறியது. துளைக்குள் இருந்த காற்று விரிந்து, வழி தேடி மேலே வந்தது. பூச்சு இன்னும் இளக்கமாக இருந்ததால் அதைக் குமிழியாகத் தூக்கியது. இறுக ஆரம்பித்த பிறகு வந்த காற்று ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே போனது. சாயங்காலம் தரை ஆறும்போது கதை தலைகீழ்: துளைக்குள் காற்று சுருங்கும், மேலே கிடக்கும் பிரைமரை, அதாவது முதலில் அடிக்கும் அடிக் கோட்டை, உள்ளே இழுக்கும். பிரைமருக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது.

‘மண்டபத்துக்காரருக்கு சாயங்காலம் அடித்ததால்தானே கெட்டது, எனக்கு சாயங்காலம் அடி என்கிறீரே’ என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். இந்தக் கரையில் எபாக்சி வேலையின் சிக்கலே இதுதான்: சூடேறும் தரையில் குமிழி, குளிரும் தரையில் பனி. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் சில மணி நேரம்தான் நமக்கு. அதனால் ஒரே மூச்சில் அடிக்காமல் பிரித்து அடிக்க வேண்டும். பிரைமரை மதியம் மூன்று மணிக்கு மேல், தரை ஆறத் தொடங்கும்போது போடுங்கள். தரை குடித்துவிட்டு மங்கலாகத் தெரியும் இடங்களில் உடனே இரண்டாவது கை. இருட்டுவதற்குள் அது தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிட வேண்டும். துளை அடைபட்டுவிட்டால் பிறகு காற்று மேலே வர வழியில்லை. மறுநாள் காலை பத்து மணி வாக்கில், ராத்திரி ஈரம் விலகி, பிரைமர் மேல் உள்ளங்கையை வைத்தால் உலர்ந்து இருக்கும்போது, செல்ஃப் லெவலிங் ஊற்றலாம். குமிழியை உடைக்கும் முள் உருளையான ஸ்பைக் ரோலரை அப்போதே ஓட்டிவிட வேண்டும். இறுகத் தொடங்கியதும் ஓட்டினால் ரோலர் தடமே தங்கிவிடும்.

உங்கள் குமிழி கலக்கும்போது சேர்ந்த காற்றாகவும் இருக்கலாமே என்றால், இல்லை. வேகமான டிரில்லில் கலக்கினால் வருகிற குமிழி தரை முழுக்க ஒரே சீராகப் பரவி இருக்கும். துளையிலிருந்து வருவது உடைத்துவிட்டாலும் அதே இடத்தில் மறுபடி எழும்பும். நீங்கள் அனுப்பிய போட்டோவில் கிழக்குப் பக்க ஜன்னல் வரிசைக்கு நேராகத்தான் கொத்துக் கொத்தாக இருக்கிறது.

இப்போது என்ன செய்வது? முழுவதையும் உடைக்க வேண்டாம். கிரைண்டர் போட்டுக் குமிழித் தலைகளைச் சீவி, ரெசினில் சிலிகா பவுடர் கலந்து பட்டி மாதிரி இழுத்து ஓட்டைகளை அடைத்து, மேலே ஒரு கோட். ஜன்னலுக்குத் திரை போட மறக்காதீர்கள்.

கேள்வி: அண்ணே, நான் எபாக்சி வேலைக்குப் போகிற பையன். சித்திரையில் ஒரு வேலையில் 10 கிலோ கலக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம். வந்து பார்த்தால் பக்கெட்டில் புகை! உள்ளே கல்லாகிவிட்டது. மேஸ்திரி, ‘வெயில் காலத்தில் ஹார்ட்னரைக் கொஞ்சம் குறைத்து ஊற்றணும்’ என்கிறார். அப்படிச் செய்யலாமா?
— தேவிபட்டினம் வாசகர்

பதில்: மேஸ்திரியிடம் என் பெயரைச் சொல்லியே மறுத்துவிடு தம்பி. ரெசினுக்கு இவ்வளவு ஹார்ட்னர் என்பது மருந்துக் கணக்கு. குறைத்தால் மிச்சமாகும் ரெசின் வருஷக்கணக்கில் இறுகாமல் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும். வெயிலுக்கு ஏற்ற மாதிரி மெதுவாக இறுகும் ஹார்ட்னர் தனியாகவே விற்கிறது. கேட்டு வாங்கச் சொல்.

ரெசினும் ஹார்ட்னரும் சேரும்போது சூடு பிறக்கும். தரையில் மெல்லிசாகப் பரப்பினால் அந்தச் சூடு தரைக்குள் இறங்கிவிடும். பக்கெட்டில் குவியலாக இருந்தால் சூடு போக இடமில்லை. சூடு வினையை வேகப்படுத்தும், வேகம் இன்னும் சூட்டைக் கிளப்பும். சூடு 10 டிகிரி ஏறினால் பாட் லைஃப், அதாவது கலக்கிய சரக்கு இறுகாமல் இருக்கும் நேரம், ஏறக்குறையப் பாதியாகும் என்று வைத்துக்கொள். டப்பாவில் 25 டிகிரிக்கு 40 நிமிஷம் என்று போட்டிருந்தால், 35 டிகிரி நிழலில் உனக்கு 20 நிமிஷம்தான். அதில் கலக்க 3 நிமிஷம் போய்விடும். டீ குடிக்க நேரமில்லை.

முந்தின ராத்திரி டப்பாக்களை ஏ.சி. அறையில் வை, வண்டியில் தார்ப்பாய்க்கு அடியில் போட்டு வைக்காதே. சின்னச் சின்ன அளவாகக் கலக்கு. கலக்கியதும் தரையில் கொட்டிவிடு. பக்கெட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காதே. டப்பாவைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஆற வைக்கிற பழக்கமும் வேண்டாம், நாலு சொட்டு உள்ளே போனாலே வெள்ளையாகிவிடும்.

கையுறை போடுகிறாயா? ஹார்ட்னர் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒரு நாள் ஒவ்வாமை பிடித்துக்கொள்ளும். பிறகு வாழ்நாள் முழுக்க டப்பாவைத் திறந்தாலே கை அரிக்கும், முகம் வீங்கும். அந்தக் காரணத்தாலேயே தொழிலை விட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். பட்டுவிட்டால் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவு. தின்னரைத் தொடாதே, அது தோலுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

கேள்வி: எங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். தரைத்தளத்தில் எபாக்சி போட்டு ஒரு வருஷத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளங்கள். ஒன்றை ஊசியால் குத்தினேன். உள்ளே தண்ணீர். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. கடல்தண்ணீரா?
— தொண்டி வாசகர்

பதில்: இனி நாக்கில் வைக்காதீர்கள்! அதில் உப்போடு கான்கிரீட்டின் காரமும், இறுகாமல் மிஞ்சிய அமீனும் கரைந்திருக்கும். விரலில் தொட்டாலே சோப்பு போல வழுக்கியிருக்குமே?

கடல் நேராக உள்ளே வரவில்லை. நடப்பது வேறு. உங்கள் தரைக்கு அடியில் பாலித்தீன் விரிக்காமல் மண் மேலேயே கான்கிரீட் போட்டிருப்பார்கள். நிலத்தடி நீர் அங்கே மேலேயே நிற்கும், உப்பாகவும் நிற்கும். அந்த ஈரம் கான்கிரீட் துளைகள் வழியே மேலே ஏறி, பூச்சுக்கு அடியில் வந்து நிற்கிறது. அங்கே உப்பு தேங்கியிருக்கிறது. உப்பு இருக்கும் இடத்துக்கு இன்னும் தண்ணீர் இழுக்கப்படும். அந்த அழுத்தம் பூச்சைத் தூக்கிக் கொப்புளமாக்குகிறது. எபாக்சி போடுவதற்கு முன்னால் ஈரம் ஏறி, காற்றில் ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது, உங்களுக்குத் தெரியவில்லை. பூச்சு மூடி போட்டுவிட்டது.

உப்பு வேறு வழியிலும் வந்திருக்கலாம். நம் பக்கம் போர் தண்ணீரில்தான் பலர் கான்கிரீட் கலக்குகிறார்கள், அதிலேயே நனைத்தும் வைக்கிறார்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு, கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. கடல்நீரில் 19,000 வாக்கில் இருக்கும். உங்கள் போர் தண்ணீர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்பதைத் தண்ணீர் சோதனைக் கூடத்தில் ஒரு பாட்டில் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள். தரையைக் கழுவுவதற்கும் போர் தண்ணீர் கூடாது. கிரைண்டிங் முடிந்து தூசி போகக் கழுவுகிறோம் என்று உப்பைத் தடவிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. குழாயில் வருகிற காவிரித் தண்ணீரோ லாரித் தண்ணீரோ வாங்கிக் கழுவச் சொல்லுங்கள்.

எபாக்சி போட நினைக்கும் மற்ற தரைத்தளக்காரர்களும் இதைச் செய்து பாருங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் இடைவெளியில்லாமல் டேப் ஒட்டிவிடுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். ஒரு ராத்திரியும் அடுத்த பகலில் பாதியும் இருக்கட்டும். பிறகு உரித்துப் பாருங்கள். தாளின் அடியில் முத்து முத்தாக நீர்த்துளி, அல்லது தரை அந்தச் சதுரத்தில் மட்டும் கறுத்திருந்தால், எபாக்சி பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அறையின் நடுவில் ஒன்று, கடல் பக்கச் சுவர் ஓரம் ஒன்று, குளியலறைச் சுவர் ஓரம் ஒன்று என்று ஒட்டிப் பார்ப்பது நல்லது. பெரிய வேலைகளில் கார்பைடு மீட்டர் வைத்து அளப்பார்கள். ஈரம் எடையில் 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. இந்தச் சோதனையை மழைக்குப் பிறகு செய்யுங்கள். கோடையில் செய்தால் எல்லாத் தரையும் பாஸாகிவிடும்.

உங்கள் தரைக்கு ஈரம் தடுக்கும் பிரைமர் போட்டு மறுபடி அடித்துத் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். அந்த மாதிரிப் பிரைமர்கள் நிஜமாகவே இருக்கின்றன, சில இடங்களில் நிற்கவும் செய்கின்றன. ஆனால் அடியில் உப்பு நீர் வருஷம் முழுக்க நிற்கும் வீட்டில் அந்தச் செலவை நான் செய்யச் சொல்ல மாட்டேன். பூச்சை எடுத்துவிட்டு, ஈரத்தை வெளியே விடுகிற தரை போடுங்கள். ஆத்தங்குடிக் கல் பக்கத்திலேயே கிடைக்கிறது. ரெட் ஆக்சைடு தரை போடத் தெரிந்த கொத்தனாரும் இன்னும் இருக்கிறார்கள். எபாக்சி வேலை எடுக்கிறவனே இப்படிச் சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். கொப்புளத் தரையைச் சரிசெய்யக் கூப்பிட்டால் வருகிறவனும் நான்தான்.

கேள்வி: பாம்பன் புதுப் பாலத்துக்கு அடித்த பெயின்ட் வருஷக்கணக்கில் உப்புக் காற்றைத் தாங்குமாமே, அதையே எங்கள் மொட்டை மாடிக்கு அடிக்கலாமா? இல்லை எபாக்சியே போடலாமா?
— பாம்பன் வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம். 2025 ஏப்ரலில் திறந்த பாலத்தில் அடித்திருப்பது இரும்புக்கான பாலிசிலாக்சேன் பூச்சு. இரும்பைச் சுத்தமாகச் சீவி, அடிப் பூச்சுகளோடு அடுக்கடுக்காகப் போடுகிற ஏற்பாடு அது. உங்கள் மாடி இரும்பில்லை. எபாக்சிக்கோ வெயில் ஆகாது. சில மாதத்தில் மஞ்சளாகும், பிறகு சுண்ணாம்புத் தூளாகக் கையில் ஒட்டும். மாடிக்கு வெள்ளை நிற அக்ரிலிக் வாட்டர்புரூஃப் பூச்சு அடியுங்கள், கீழே அறையும் கொஞ்சம் குளிரும். வெயில் படும் இடத்தில் எபாக்சிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் மேலே வெயில் தாங்கும் அலிஃபாட்டிக் பி.யு. (பாலியுரேத்தேன்) டாப் கோட், அதாவது மேல்பூச்சு, ஒன்று சேர்த்துப் போட வேண்டும்.

கேள்வி: தையில் முகூர்த்தங்கள் வரிசையாக புக் ஆகியிருக்கின்றன. மார்கழிக்குள் கல்யாண மஹால் தரையை முடித்தாக வேண்டும். வெளியே மழை. ஏ.சி.யைப் போட்டு, கேஸ் அடுப்பு நாலு வைத்து அறையைச் சூடாக்கி அடித்துவிடலாம் என்கிறார் காண்ட்ராக்டர். நடக்குமா?
— ராமநாதபுரம் வாசகர்

பதில்: ஏ.சி. நல்ல யோசனை. கேஸ் அடுப்பைச் சமையல் கூடத்துக்கே திருப்பி அனுப்புங்கள்.

கேஸ் எரிந்தால் தண்ணீரும் கரியமில வாயுவும்தான் வெளியே வரும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று முழுக்க எரிந்தால் 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக உங்கள் ஹாலுக்குள் இறங்கும், 40 கிலோவுக்கு மேல் கரியமில வாயுவும் சேரும். மண்டபம் ஊர் வாசகர் தரையில் வெள்ளை பூக்க என்னென்ன வேண்டும் என்று மேலே சொன்னேனோ, அந்த இரண்டையும் காசு கொடுத்து வாங்கிக் கொட்டுகிற வேலை இது. மூடிய ஹாலில் வேலையாட்களுக்கு மூச்சும் முட்டும்.

ஏ.சி. காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்து எடுக்கும். ஆனால் அதை வேலை தொடங்குவதற்கு முந்தின நாளே போட்டு, கடைசிக் கோட் இறுகும் வரைக்கும் ராத்திரி பகலாக ஓட விட வேண்டும். மின்சாரச் செலவுக்குப் பயந்து ராத்திரி நிறுத்தினால் முதலுக்கே மோசம். பகலெல்லாம் குளிர்ந்த தரை மேல் வெளிக்காற்று வந்து படிந்து சொட்டச் சொட்ட வேர்க்கும். 18, 20 என்று குளிரவும் வைக்காதீர்கள், 26-லேயே விடுங்கள். ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் கரண்ட் நிற்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் வாடகைக்குக் கிடைத்தால் ஏ.சி.யைவிட அது மேல். ஃபேன் காற்று ஈரப் பூச்சு மேல் நேராக அடிக்கக் கூடாது, மேலே ஆடை கட்டி அலை அலையாக நின்றுவிடும்.

தொடாமலே தரைச் சூட்டைக் காட்டும் இன்ஃப்ரா ரெட் தெர்மாமீட்டர் ஒன்றும் ஒரு ஈரப்பதம் காட்டும் மீட்டரும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்த்து சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும். லட்சக்கணக்கில் தரைக்குச் செலவழிக்கிறவர் இதற்கு யோசிக்கக் கூடாது. காலை, மதியம், சாயங்காலம், ராத்திரி பத்து மணி என்று தரைச் சூடு, காற்றுச் சூடு, ஈரப்பதம் மூன்றையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். காண்ட்ராக்டர் எழுத மாட்டார் என்றால் மஹால் வாட்ச்மேனை எழுதச் சொல்லுங்கள். பின்னால் தகராறு வந்தால் அந்த நோட்டுதான் பேசும்.

கேள்வி: அடித்து எத்தனை நாளில் சாமான் வைக்கலாம்?
— ஏர்வாடி வாசகி

பதில்: 30 டிகிரி சூட்டில் ஒரு நாள் கழித்து வெறுங்காலோடு நடக்கலாம். பீரோ, கட்டிலுக்கு மூன்று நாள். தண்ணீர் ஊற்றித் துடைக்கவும், எண்ணெய், ஆசிட் சிந்தவும் ஏழு நாள். குளிர்ந்த மழை நாளென்றால் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடைத் தரையில் டாப் கோட் பாதி அடித்திருக்கும்போது மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்ய?
— உச்சிப்புளி வாசகர்

பதில்: மழை பெய்யும் என்று காலையிலேயே தெரிந்தால் கலக்கவே கூடாது. தெரியாமல் வந்துவிட்டால், நடுத்தரையில் நிறுத்தாதீர்கள். தளத்தில் ஜாயிண்ட் வெட்டியிருக்கும் கோடு வரைக்கும் வேகமாக அடித்து, அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டி நிறுத்துங்கள். கலக்கிய மிச்சச் சரக்கை நாளைக்கு என்று வைக்க முடியாது, கொட்டித்தான் ஆக வேண்டும். ஷட்டரை இறக்கி, வாசல்படியில் மணல் மூட்டை வைத்து அடையுங்கள். பூச்சின் மேல் நேராகத் தார்ப்பாய் போர்த்தாதீர்கள். ஒட்டிக்கொள்ளும், அடியில் வேர்க்கும். மழைத்துளி விழுந்த இடம் அம்மைத் தழும்பாக நிற்கும். இறுகிய பிறகு அந்த இடத்தை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மிச்சப் பாதியை அடிக்கும்போது அதன் மேலும் ஒரு கை இழுத்துவிட்டால் சரியாகிவிடும். இரண்டு பாதிக்கும் ஒரே பேட்ச் நம்பர் சரக்காக வாங்கியிருக்கிறீர்களா என்று மட்டும் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், இல்லாவிட்டால் நிறம் ஒரு இழை மாறித் தெரியும்.